கறுப்புப் பதிவேட்டில் நாற்பத்தோரு பேர்

அத்தியாயம் 14

இளம்பரிதி இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது என்று கருங்கல்லில் பொறித்திருந்தது. அதே இளம்பரிதியிடமிருந்து புதன்கிழமை மாலை ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது.

‘பொன்விழா நினைவுக் கல்லின் படத்தை வாட்ஸப்பில் பார்த்தேன். தாவரவியல், 1984. அது நான்தான். 2006-ல் மறைந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த வருடம் எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். மற்றபடி லியோனில் நலமாக இருக்கிறேன். கல்லை என்ன செய்வதாக உத்தேசம்?’

அதைப் படித்ததிலிருந்து சிவசங்கரிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. செவாலியே ஞானு கல்லூரியில் அவள் வணிகவியல் உதவிப் பேராசிரியை. கல்லூரி சார்பில் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒருங்கிணைப்பாளரும் அவள்தான். கல்லில் இருக்கும் நூற்று எண்பத்தேழு பெயர்களையும் சங்கத்தின் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுத்தவள். அந்தப் பதிவேட்டை இருபத்திரண்டு வருடமாக எழுதிவருபவர் சங்கத்தின் செயலாளர் தணிகாசலம். அவளுடைய அப்பா.

வியாழக்கிழமை காலை, முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் அவர் பெயர் அட்டைகளுக்கு ஊக்கு கோத்துக்கொண்டிருந்தார். எழுபதுகளில் படித்தவர்களுக்கு மஞ்சள் அட்டை, எண்பதுகளுக்குப் பச்சை, தொண்ணூறுகளுக்கு நீலம். ஞாயிற்றுக்கிழமை பொன்விழா. இன்னும் மூன்று நாள்.

சிவசங்கரி செல்போனை அவர் முன்னால் வைத்தாள்.

“இளம்பரிதின்னு ஒருத்தரு. தெரியுமாப்பா?”

“எய்ட்டி ஃபோர் பாட்டனி. பிரான்ஸ் போனவன்.”

“செத்துட்டாரா?”

தணிகாசலத்தின் விரலில் ஊக்கு குத்தியது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

“அவரே கேக்கறாரு,” என்றாள் சிவசங்கரி. “நீங்க இன்னா சொல்றீங்க?”

அடுக்களையிலிருந்து ராஜாம்பாள் எட்டிப்பார்த்தாள். “காலங்காத்தால யாருடி செத்தது?”

“யாரும் சாகலம்மா. அதான் பிரச்சனை.”

தணிகாசலம் மெயிலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘தப்பா எழுதிட்டேன் போல’ என்று அவர் சொல்வார் என்றுதான் சிவசங்கரி எதிர்பார்த்தாள்.

“ஒருத்தன் மட்டும் இல்லம்மா,” என்றார் அவர். “நாப்பத்தோரு பேரு.”

*

அந்த நாற்பத்தோரு பேர் எப்படிச் செத்தார்கள் என்று புரிய, சங்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முன்னாள் மாணவர் சங்கம் என்றால் வருடத்துக்கு ஒருநாள் கூடிச் சாப்பிட்டு, ஒருவர் வழுக்கையை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுக் கலைகிற கூட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஞானு கல்லூரிச் சங்கம் அப்படிப் பிறக்கவில்லை. 1975 ஐப்பசி மழையில் கல்லூரி நூலகத்தின் கூரை ஒழுகி, நாலாயிரம் புத்தகங்கள் நனைந்துபோயின. ஊரில் இருந்த பழைய மாணவர்கள் பதினோரு பேர் வந்து, வகுப்பறைகளில் கொடி கட்டி, புத்தகங்களைத் துணி காயப்போடுவதுபோல விரித்துப் போட்டு உலர்த்தினார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள், இனிமேல் இப்படி ஏதாவது நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, ஆளுக்கு ஆள் தெரிந்த முகவரிகளை ஒரு நோட்டில் எழுதினார்கள். சங்கம் என்பது அந்த நோட்டுதான். பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இன்றும் அதை ‘அமிக்கால்’ என்றுதான் சொல்வார்கள்.

முகவரி நோட்டு என்பது சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் சென்னையில் இன்டர்வியூவுக்குப் போன பையன் யார் வீட்டில் தங்குவது, பாரிஸில் பெட்டியோடு இறங்கியவனுக்கு முதல் வாரம் யார் சோறு போடுவது, ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் ரத்தத்துக்கு யாரை எழுப்புவது என்று எல்லாவற்றையும் அந்த நோட்டுதான் தீர்மானித்தது. யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பது ஒன்றுதான் சங்கத்தின் வேலை. மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

நோட்டு வளர்ந்து இரண்டு பதிவேடுகளாயிற்று. நீல அட்டை போட்டது உயிரோடு இருப்பவர்களுக்கு. கறுப்பு அட்டை போட்டது மறைந்தவர்களுக்கு. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு பொதுக்கூட்டத்தில், அந்த வருடம் கறுப்புக்கு மாறிய பெயர்களைச் செயலாளர் வருகைப் பதிவுபோல வாசிப்பார். இறந்தவரின் வகுப்புத் தோழர் எழுந்து நின்று, அவருக்குப் பதிலாக ‘உள்ளேன் ஐயா’ என்பார். தோழர் யாரும் வரவில்லை என்றால் செயலாளரே சொல்லிவிடுவார்.

இனி விதிகள். நூலகத்தைக் காப்பாற்றிய பதினோரு பேரும் கண்டிப்பானவர்கள். பொதுக்கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் கோரம். மூன்று வருடம் தொடர்ந்து கோரம் சேராவிட்டால் சங்கம் கலைந்துவிட்டதாகப் பொருள். ஒருமுறை சேர்ந்தவர் ஆயுள் உறுப்பினர். அவரை நீக்க இரண்டே வழி. அவரே கைப்பட விலகல் கடிதம் எழுத வேண்டும், அல்லது இறக்க வேண்டும்.

தணிகாசலம் ஒரு பச்சை அட்டையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் மகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

“ரெண்டாயிரத்து ஆறுல மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு பேரு. நாலுல ஒண்ணு, நூத்தி அம்பத்து மூணு. வர்றவங்க நூத்தி நாப்பது, நூத்தி நாப்பத்தஞ்சு. மீதிப் பேரு துபாய்லயும் பிரான்ஸ்லயும் கீறாங்க. நாலுலயும் கோரம் போச்சு, அஞ்சுலயும் போச்சு. ஆறுலயும் போச்சுன்னா அமிக்கால் காலி.”

“விதிய மாத்த வேண்டியதுதான?”

“விதிய மாத்தறதுக்கும் கோரம் வேணுமே.”

சிவசங்கரிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“கூட்டத்துக்கு எல்லாருக்கும் கார்டு போடுவோம். சிலது திரும்பி வரும். வீடு பூட்டியிருக்குது, ஆளு மாறிப்போய்ட்டாருன்னு போஸ்ட்மேன் எழுதி அனுப்பிடுவாரு. ரெண்டு வருஷமும் கார்டு திரும்பி வந்தவங்கள மட்டும் எடுத்தேன். எல்லாம் வெளியூரு. நாப்பத்தோரு பேர நீலத்துலேர்ந்து கறுப்புக்கு மாத்தனேன். அறுநூத்திப் பன்னெண்டு, ஐநூத்தி எழுபத்தொண்ணு ஆச்சு. கோரம் நூத்தி நாப்பத்து மூணு. அன்னிக்கி எவ்ளோ பேர் வந்தாங்க தெரியுமா? நூத்தி நாப்பத்து நாலு.”

அந்த எண்ணைச் சொல்லும்போது, இத்தனை வருடம் கழித்தும், அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

“அன்னிக்கே விதியத் திருத்திட்டோம். இப்ப ஐம்பது பேர் வந்தா போதும்.”

“சரி. அதுக்கப்புறம் அந்த நாப்பத்தோரு பேரத் திரும்ப நீலத்துக்குக் கொண்டாந்திருக்கலாமே.”

“எப்பிடிம்மா? செத்தவங்கள உயிரோட எழுத விதியில இடமில்ல. காரணம் கேப்பாங்க. தள்ளிப்போட்டேன். தள்ளிப்போயிடுச்சு.”

ராஜாம்பாள் காபியை டங்கென்று வைத்தாள். “ஊட்டுக்கு ரேஷன் கார்டுல பேரு சேக்க ஏழு வருஷம் அலையவுட்ட மனுஷன். நாப்பத்தோரு பேரப் பொட்டுனு அடிச்சுட்டாரு பாரு.”

*

சங்கத் தலைவர் கமலக்கண்ணன் பல் டாக்டர். சிவசங்கரி போனில் விஷயத்தைச் சொன்னபோது, யாருடைய வாயிலோ கருவியை வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் யாரும் வாயத் தொறக்க வேணாம்மா. உங்கள இல்லம்மா, நீங்க நல்லா தொறங்க. சங்கரி, லைன்ல கீறியா? கலெக்டர் வர்றாரு, வைஸ் சான்சலர் வர்றாரு. திங்கக்கெழம ஒரு ஆள வச்சு அந்த ஒரு பேரக் கொத்தி எடுத்துட்டாப் போச்சு.”

“ஒரு பேரு இல்ல சார்.”

“எத்தினி?”

அவள் சொன்னாள். மறுமுனையில் கருவியின் சத்தம் நின்றது.

“உங்கப்பாகிட்ட சொல்லு. திங்கக்கெழம பேசலாம்,” என்று வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு அப்பாவும் மகளும் கல்லூரிக்குப் போனார்கள். நூலக வராந்தாச் சுவரில் கல்லைப் பொருத்தி முடித்துவிட்டு, கல் ஆசாரி அம்மாவாசை விளிம்பில் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார். ஏழடி உயரக் கறுப்பு கிரானைட். பெயர்கள் பொன்னிறத்தில் மின்னின.

“இதுல ஒரு பேர எடுக்கணும்னா முடியுமாண்ணே?” என்று சிவசங்கரி கேட்டாள்.

அம்மாவாசை பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்குப் பிடித்த கேள்வி அது. “உளியில வெட்டுன காலத்துல ஒரு நூல் ஆழந்தான் இருக்கும் மேடம். இழைச்சு எடுத்துடலாம். இப்ப அப்பிடி இல்ல. மிஷின்ல ரப்பர் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, காத்துல மண்ண அடிக்கறோம். ஸ்டிக்கர் இல்லாத எடத்துல மண்ணு பாஞ்சு குழி பறிச்சுடும். அந்தக் குழியிலதான் கோல்டு பெயின்ட்டு. பெயின்ட்ட வேணா சொரண்டலாம். குழி அப்பிடியேதான் இருக்கும். கிட்ட வந்து பாத்தா பேரு தெரியும்.”

“அப்ப?”

“பேர எடுக்கணும்னா கல்லையே எடுக்கணும். ஏன், யாராச்சும் எழுந்து வந்துட்டாங்களா?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி சிமென்ட்டைக் குழைக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் வராந்தா முனையில் ஒரு பெண் நிற்பதை சிவசங்கரி கவனித்தாள். சாம்பல்நிற ஹிஜாப், தோளில் லேப்டாப் பை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நூரீன். சிவசங்கரியிடம் மூன்று வருடம் படித்து, 2022-ல் முடித்த மாணவி.

“மேம், நல்லா இருக்கீங்களா? உங்களத்தான் பாக்க வந்தேன்.” நூரீன் சிரித்துக்கொண்டே வந்தாள். “அடுத்த மாசம் பாரிஸ் போறேன் மேம். எம்.எஸ். சீட் கெடச்சிருக்குது.”

“ஏய், சொல்லவே இல்ல.”

“இன்னொரு விஷயமும் கேக்கணும்.” அவள் கல்லை நெருங்கி, மூன்றாவது வரிசையில் ஒரு பெயரை விரலால் தொட்டாள். கமருஸ்ஸமான், வணிகவியல் 1989. மறைவு 2006. “எங்க அத்தா மேம். அவரு பிரான்ஸ் போறப்போ எனக்கு ரெண்டு வயசு. ஒரு வருஷம் போன் பண்ணிட்டு இருந்தாராம். அப்புறம் நம்பரே போகல. சங்கத்து ஆண்டு மலர்ல பேர் வந்தப்பதான் மவுத் ஆனதே எங்களுக்குத் தெரியும்.”

சிவசங்கரி திரும்பி அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

“எந்த ஊர்ல அடக்கம் பண்ணாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேம். அங்கதான போறேன், ஒருதடவ அந்த எடத்துக்குப் போய் ஸியாரத் பண்ணிட்டு, ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம்னு. எங்க மாமாதான் அப்ப சங்கத்துல விசாரிச்சாரு. செக்ரட்டரியே நேர்ல உறுதியா சொன்னாராம். மாமா போன வருஷம் மவுத்தாயிட்டாரு. இல்லன்னா அவர்கிட்டயே கேட்டிருப்பேன்.” அவள் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். “சார், அப்பவும் நீங்கதான செக்ரட்டரி?”

தணிகாசலம் சுவரில் கை ஊன்றியிருந்தார். ஈர சிமென்ட்டில் விரல்கள் பதிந்திருந்தன.

“பதிவேட்டப் பாக்கணும்மா,” என்றார். “பாத்துட்டு நானே ஊட்டுக்கு வந்து சொல்றேன். எங்க இருக்கீங்க?”

“முல்லா வீதி சார். சாயங்காலம் அம்மா டெய்லரிங் கிளாஸ் எடுப்பாங்க. எப்ப வேணா வாங்க.”

*

நூலகத்தின் பின்னறையில் இரும்பு பீரோவுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் கறுப்புப் பதிவேடு. யாரும் திறக்கவில்லை.

“பேர மாத்தனது மட்டுந்தான்னு காலைல சொன்னீங்க,” என்றாள் சிவசங்கரி. “நூரீனோட மாமா நேர்ல வந்து கேட்டாரா?”

“கேட்டாரு.”

“இன்னா கேட்டாரு?”

தணிகாசலம் பதிவேட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். “கூட்டம் முடிஞ்சு பத்து நாளுகூட ஆவல. திருத்தின விதிய ரிஜிஸ்டர் ஆபீஸ்ல குடுத்துட்டு, முத்திரை வர்றதுக்குக் காத்துக்கினு இருந்தேன். அந்தாளு வந்தாரு. கையில மலரு. இந்தச் செய்தி நெசந்தானான்னு கேட்டாரு. தெரியாதுன்னு சொன்னா, அப்ப ஏன் போட்டன்னு கேப்பாரு. ஒரு பேரு பொய்யின்னா மீதி நாப்பதும் பொய்யாவும். கோரம் போச்சு, விதி போச்சு, சங்கம் போச்சு. இவ்ளோவும் ஒரு நிமிஷத்துல ஓடுச்சு.”

“இன்னா சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”

“அவ்ளோதானா?”

“பிரான்ஸ்லேர்ந்து ஒரு மெம்பர் சொன்னாருன்னேன்.”

மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இடித்துக்கொண்டிருந்தது. சிவசங்கரி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். விதிகளைப் புரட்டிச் செய்த தந்திரம் என்று காலையில் அவளால் ஓரளவு சிரிக்க முடிந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்குச் சிரிப்பு கிடையாது. ஒரு பெண் இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

“அந்த வருஷம் பேர் வாசிச்சப்போ அவருக்கு யாருப்பா ‘உள்ளேன் ஐயா’ சொன்னாங்க?”

“எய்ட்டி நைன் காமர்ஸ்லேர்ந்து யாரும் வரல.”

“அப்ப நீங்கதான்.”

அவர் தலையசைத்தார்.

செல்போன் ஒலித்தது. கமலக்கண்ணன். சிவசங்கரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“தணிகாசலம், யோசிச்சுப் பாத்தேன்யா. அந்த லியோன்காரருக்கு அச்சுப் பிழைன்னு ஒரு மெயில் போடு. மத்தவங்க யாரும் கேக்கல இல்ல? கேக்கற வரைக்கும் சும்மா இரு.”

“ஒரு பொண்ணு கேட்டுடுச்சு டாக்டர்.”

“யாரு?”

“நம்ம மெம்பர்தான். ரெண்டாயிரத்து இருபத்திரண்டு காமர்ஸ். அவங்க அத்தாவ எங்க பொதச்சோம்னு கேக்குது.”

கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “திங்கக்கெழம போ. பொன்விழா முடியட்டும். உன் மேல உள்ள பாசத்துல சொல்றேன். இருவத்திரண்டு வருஷம் ஒழச்சிருக்க. மூணு நாள்ல கெடுத்துக்காத.”

தணிகாசலம் போனை அணைத்தார். பீரோவைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார். திரும்பி வந்த கார்டுகள். ரப்பர் பேண்டுகள் உருகி அட்டையோடு ஒட்டியிருந்தன. நாற்பத்தோரு பேரின் கார்டுகளையும் அவர் தூக்கிப்போடவில்லை.

“நான் மட்டும் போய்ட்டு வரேம்மா. உனக்கு அந்தப் பொண்ணு ஸ்டூடன்ட்டு.”

“அதனாலதான் நானும் வரேன்,” என்றாள் சிவசங்கரி. “டைப் பண்ணது நான்தானப்பா. ஒரு பேரக்கூட யாருன்னு கேக்கல.”

*

மாலை ஐந்தரைக்கு முல்லா வீதியில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிவிட்டிருந்தார்கள். முன்னறையில் நான்கு தையல் இயந்திரங்கள். மூன்று பெண்கள் பிளவுஸுக்குக் கழுத்து வெட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். நூரீனின் அம்மா ஜீனத்துன்னிசா வந்தவர்களை உள்ளறைக்கு அழைத்துப்போய் நாற்காலி போட்டாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் எதுவும் இல்லை. இழுத்து முடிந்த தலைமுடி, அதன்மேல் வெள்ளைத் துப்பட்டா.

“மேடத்தப் பத்தி நூரீன் நெறைய சொல்லும்,” என்றாள். “டீ சாப்புடுங்க. சார், சர்க்கரை போடலாமா?”

தணிகாசலம் தலையை அசைத்தார். அது ஆமாம் என்பதா வேண்டாம் என்பதா என்று தெரியாமல் அவள் சர்க்கரைக் கிண்ணத்தைத் தனியே வைத்தாள்.

பிறகு அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். 2006 ஆண்டு மலர். முப்பத்து நாலாம் பக்கத்தில் ஒரு வெள்ளை நூல் அடையாளமாகக் கிடந்தது.

“இது ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்குது சார். மவுத்தான தேதி இதுல இல்ல. அதனால கூட்டம் நடந்த தேதியையே வச்சுக்கிட்டோம். பதிமூணு ஆகஸ்ட். அன்னிக்கி ரஜப் பிறை பதினெட்டு. வருஷா வருஷம் அந்தப் பிறையில நெய்ச்சோறு ஆக்கி ஃபாத்திஹா ஓதிடுவோம். சரியான தேதி தெரிஞ்சா மாத்திக்கலாம்னு நூரீன் சொல்லுது.”

தணிகாசலம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பட்டியலின் அடியில் ‘செயலாளர்’ என்ற சொல்லும், அதற்கு மேல் அவருடைய கையெழுத்தும் இருந்தன. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கையெழுத்து, நல்ல சாய்வோடு.

“மாத்த முடியாதும்மா,” என்றார். “எனக்குத் தேதி தெரியாது. ஊரும் தெரியாது. அவரு எறந்ததே எனக்குத் தெரியாது.”

ஜீனத்துன்னிசா புரியாமல் சிவசங்கரியைப் பார்த்தாள். கதவோரம் நின்ற நூரீனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

அவர் சொன்னார். கோரம், கார்டு, நாற்பத்தோரு பேர். காலையில் மகளுக்குச் சொன்னபோது இருந்த எண்களை இப்போது ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். கடைசியில், ஜீனத்துன்னிசாவின் அண்ணன் வந்து கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் மட்டும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார்.

முன்னறையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அண்ணன் உங்களப் பாத்துட்டு வந்துதான் சொன்னாங்க,” என்றாள் ஜீனத்துன்னிசா. அவள் குரல் உயரவில்லை. “படிச்சவங்க சங்கம், தப்பா சொல்ல மாட்டாங்கன்னாங்க. அன்னிக்கி அஸருக்கு அப்புறம் கழுத்துக் கருகமணியக் கழட்டனேன். நாலு மாசம் பத்து நாளு இத்தா இருந்தேன். வாசப்படி தாண்டல. இந்தப் பொண்ணுக்கு அஞ்சு வயசு. ஸ்கூலுக்கு யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல.”

“அம்மா,” என்றாள் நூரீன்.

“இரு.” அவள் தணிகாசலத்தை நேராகப் பார்த்தாள். “அப்ப மச்சான், நூரீனோட அத்தா, உயிரோட இருக்காரா?”

“தெரியாதும்மா.”

“இல்லையா?”

“அதுவும் தெரியாது.”

“இந்தத் தெரியாதுங்கற ஒரு வார்த்தைய அன்னிக்கே எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா,” என்றாள் அவள், “நான் தேடியிருப்பேன்.”

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. தணிகாசலம் அதைத் தொடவில்லை.

“கல்ல நாளைக்கே எடுத்துடறேன். ஞாயித்துக்கெழம எல்லாரும் இருக்கறப்போ நானே சொல்லிட்டு, பதவியையும்...”

“கல்ல எடுக்காதீங்க.”

அவர் நிமிர்ந்தார்.

“கல்ல எடுத்துட்டு, பதவிய வுட்டுட்டு நீங்க ஊட்டுக்குப் போய்டுவீங்க. நான் இன்னா பண்றது? இந்த வெள்ள முக்காடப் போடறதா எடுக்கறதா? ரஜப் மாசம் அரிசி ஊறப்போடறதா வேணாமா?” அவள் மலரை மறுபடி பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்தாள். அது சரியாக நுழையவில்லை. மறுபடி எடுத்து நுழைத்தாள். “உங்க சங்கத்துக்கு எல்லா ஊர்லயும் ஆளு இருக்குதில்ல. தேடுங்க. இருந்தாருன்னா ஏன் போன் பண்ணலன்னு கேளுங்க. இல்லன்னா எந்த ஊரு மண்ணுன்னு கேளுங்க. அதுவரைக்கும் அந்தப் பேரு அங்கயே இருக்கட்டும், மேல துணியப் போட்டு. எடுக்கறதா வைக்கறதான்னு நான் சொல்றேன்.”

தணிகாசலம் எழுந்து நின்றார். வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல இருந்தது அவர் நின்ற விதம். “சரிம்மா,” என்றார்.

*

சிவசங்கரி வாசல் படியில் நின்று இளம்பரிதிக்கு எழுதினாள். விரல்கள் வேகமாக ஓடின.

‘ஐயா, உங்களைக் கொன்றதற்கு மன்னிக்கவும். விளக்கம் பிறகு. இப்போது ஓர் உதவி. கமருஸ்ஸமான், வணிகவியல் 1989. 2003-ல் பாரிஸ் பக்கம் வந்தவர். பிரான்ஸில் இருக்கும் நம் ஆட்கள் யாருக்காவது தெரியுமா?’

லியோனில் அப்போது மதிய நேரம். அவர் சாப்பாட்டு மேசையில் இருந்திருக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

‘தெரியும். 2009-ல் மார்செய்யில் பார்த்திருக்கிறேன். என்னோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இது எழுதுகிற விஷயம் இல்லை. கூப்பிடுங்கள். ஆனால் அவர் வீட்டார் யாரும் உங்கள் பக்கத்தில் இல்லாதபோது.’

2009. கறுப்புப் பதிவேட்டில் ஏறி மூன்று வருடம் கழித்து.

அப்பா தெருவில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எப்படித் திரும்பிப் போவது என்று மறந்தவர்போல சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவசங்கரி அவரிடம் போவதற்குப் படி இறங்கினாள்.

“மேம்.”

பின்னால் நூரீன். செருப்புப் போடாமல் ஓடிவந்திருந்தாள்.

“யாருக்கோ மெசேஜ் பண்ணீங்களே. ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

அந்த ஒரு நிமிடத்தில் சிவசங்கரிக்குள்ளும் நிறைய ஓடியது. அடுத்த மாதம் விமானம் ஏற வேண்டிய பெண். உள்ளே அவள் அம்மா. இன்னும் எதுவும் சரியாகத் தெரியாத ஒரு செய்தி. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முதலில் தான் பேசிப் பார்த்துவிட்டு, பிறகு பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுகூடத் தோன்றியது.

தெருவில் அப்பா தலையை உயர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவசங்கரி செல்போனை நூரீனிடம் நீட்டினாள்.

“முழுசா எனக்கும் தெரியாது,” என்றாள். “நீயே படி.”

நூரீன் படித்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடி கடைசி வரியை மட்டும் ஒருமுறை. உள்ளே தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாடம் முடிந்த பெண்கள் துணிகளை மடித்துக்கொண்டு வெளியே வர, அவர்களுக்குப் பின்னால் ஜீனத்துன்னிசாவின் குரல் கேட்டது.

“நூரீன், யாரு அங்க? இன்னா சொல்றாங்க?”

நூரீன் செல்போனைக் கையில் இறுக்கிக்கொண்டு, அம்மாவின் பக்கம் திரும்பினாள்.